போஸ்டர்ல தமிழ் எழுத்து உடையுது, நாளைக்குக் கருத்தரங்கு, உதவுங்க

கிணத்துமேடு:
வணக்கமுங்க. நாளைக்குப் பாலக்காட்டுல போஸ்டர் வைக்கணும். என் லேப்டாப்ல எல்லாம் நல்லாத்தான் இருக்குது. கடையில குடுத்தா தமிழ் மட்டும் உடைஞ்சு வருது. கொழிஞ்சாம்பாறைன்னு எழுதினா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிக்குது. இங்கிலீசுக்கு ஒண்ணும் ஆகலை. யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க.

வாளையார்காரன்:
எதுல செஞ்சீங்க? வேர்டா, பவர்பாயிண்டா, கேன்வாவா? என்ன ஃபாண்ட்? கடைக்காரர் கையில என்ன ஃபைல் குடுத்தீங்க? ஒண்ணும் சொல்லாம உடையுதுன்னா நாங்க எங்கிருந்துங்க பார்க்கறது.

மலைச்சாரல்:
பாமினிங்கற பழைய ஃபாண்ட்ல அடிச்சிருப்பீங்க. இப்ப எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக்கு மாத்துங்க, முடிஞ்சது கதை.

வாளையார்காரன்:
பாமினின்னா அந்த ஃபாண்ட் இல்லாத சிஸ்டத்துல இங்கிலீஷ் எழுத்தாக் கொட்டும். கொம்பு நகருதுன்னா அது யூனிகோடுதான். அதைக் கோத்துக் காட்டத் தெரியாத மென்பொருள்ல யாரோ திறந்திருக்காங்க.

பழைய கைடு:
முந்தின நாள் ராத்திரி வந்து கேக்கற பழக்கம் என்னைக்குத்தான் போகுமோ. எழுத்து இருக்கட்டும், அதுல எத்தனை வார்த்தை எழுதி வெச்சிருக்கீங்க? ஆய்வேட்டையே பலகையில ஒட்டுற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துச் சலிச்சாச்சு. உள்ளே இருக்கற எழுத்து 24 பாயிண்ட் சைஸுக்குக் குறையக் கூடாது, தலைப்பு 72-க்கு மேல. இதுகூடச் சொல்லித் தராம உங்க கைடு என்ன பண்ணிட்டிருக்கார்?

கிணத்துமேடு:
பவர்பாயிண்டுங்க. லதா ஃபாண்ட். பென்டிரைவ்ல அப்படியே குடுத்தேன். ஏ0 சைஸ். பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் கிணத்துத் தண்ணியில இருக்கற ஃபுளோரைடு பத்தினது. போஸ்டர் இங்கிலீஷ்தான், ஊர்ப்பேரும் சுருக்கமும் தமிழ்ல.

மலைச்சாரல்:
அப்ப லதாதான் காரணம். விண்டோஸ் 10-ல அது தானா வர்றதில்லை. நிர்மலா ஃபாண்டுக்கு மாத்துங்க.

வாளையார்காரன்:
பாமினி போய் இப்ப லதாவா? சரி. கிணத்துமேடு, ஏ0 படுக்கையா, நெட்டுக்குத்தா? பலகை அளவு என்னன்னு மெயில்ல பார்த்தீங்களா? நெட்டுக்குத்தா வெச்சா ஏ0 84 சென்டிமீட்டர் அகலம், 119 உயரம். படுக்கையாச் செஞ்சுட்டுப் போய் ரெண்டு பக்கமும் தொங்கவிட்டவங்க உண்டு.

ஃபிளெக்ஸ்கடை தம்பி:
கடைப் பக்கத்துல இருந்து சொல்றேன் அண்ணா. நாங்க எது வந்தாலும் கோரல்ட்ராங்கற டிசைன் மென்பொருள்லதான் ஏத்துவோம், ரோல்ல மத்த வேலையோட சேர்த்து அடிக்கணும்ல. பவர்பாயிண்ட் ஃபைல் அதுல ஒழுங்கா வராது. பையன் எழுத்தைக் காப்பி பண்ணி ஒட்டியிருப்பான், அங்கதான் கொம்பு போச்சு. பிடிஎஃப் ஆக்கிக் குடுங்க. அதையும் இறக்குறப்ப எழுத்தை கர்வ்ஸா, அதாவது வெறும் கோட்டு வடிவமா எடுக்கச் சொல்லுங்க. சந்தேகமா இருந்தா வீட்டிலேயே இங்க்ஸ்கேப்னு இலவச வரைகலை மென்பொருள்ல பிடிஎஃப்பை, திறக்கறப்ப கேக்கற பாப்ளர்ங்கற வழியைத் தேர்ந்து திறந்து சேமிச்சுக்கங்க. எழுத்து பூரா கோடாயிடும், எந்தக் கடையிலயும் உடையாது. ஆனா அப்புறம் பிழை திருத்த முடியாது, முன்னாடியே படிச்சுப் பார்த்துருங்க.

மலைச்சாரல்:
இவ்வளவு எதுக்கு? படமா சேமிச்சுக் குடுத்தாப் போதும்.

ஃபிளெக்ஸ்கடை தம்பி:
பவர்பாயிண்ட்ல சும்மா படமா சேமிச்சா அடர்த்தி பத்தாதுங்க. ஏ0-வுக்கு 150 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 150 புள்ளி) வேணும்னா 4967-க்கு 7022 பிக்சல் வரணும். இல்லாட்டி கிராஃப்ல இருக்கற சின்ன எழுத்து மங்கிடும்.

மீனாட்சிபுரத்தான்:
எல்லாரும் எழுத்தையே பேசறீங்க. பாலக்காட்டுலன்னு சொன்னாங்கல்ல? ஃபிளெக்ஸ்ல அடிச்சிட்டுப் போகாதீங்க. கேரளத்துல 2019-லயே பிவிசி பிளாஸ்டிக் ஃபிளெக்ஸுக்குத் தடை. காலேஜ்கள்ல கிரீன் புரோட்டோகால்னு, அதாவது பிளாஸ்டிக் குப்பை வராம நடத்தற விதின்னு பிடிச்சுக்குவாங்க.

மலைச்சாரல்:
பொள்ளாச்சியில அடிச்சு சுருட்டிக் கொண்டு போனா யாரு கேக்கப் போறா?

மீனாட்சிபுரத்தான்:
தண்ணி கெடுறதப் பத்திப் போஸ்டர், அதை பிவிசியில அடிக்கறதா? நல்லா இருக்குது.

மலைச்சாரல்:
துணியில மெல்லிசுக் கோடு கசியும். காகிதம் பஸ்ல கசங்கும். ஃபிளெக்ஸைத்தான் திரும்பத் திரும்ப வைக்கலாம், அதுதான் சிக்கனம்.

மீனாட்சிபுரத்தான்:
திரும்ப எங்க வைப்பீங்க? அடுத்த கருத்தரங்குக்குப் புதுசா அடிப்பீங்க. பழசு மாட்டுக்கொட்டாய்க் கூரைக்குப் போகும்.

ஃபிளெக்ஸ்கடை தம்பி:
துணி நல்லதா இருந்தா கசியாதுங்க. மட்டமான துணியில அடிச்சிட்டு மெஷினைக் குத்தம் சொல்றாங்க.

பழைய கைடு:
வந்தவங்களை விட்டுட்டுக் கூரை வேய்ஞ்சுட்டிருக்கீங்க. அம்மணி, கிராஃப்ல லிட்டருக்கு 1.0, 1.5 மில்லிகிராம் ரெண்டு இடத்துலயும் கோடு போட்டீங்களா? முதலாவது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குடிதண்ணிக்கு ஏத்துக்கற அளவு, ரெண்டாவது வேற தண்ணி இல்லாத எடத்துக்கு விடுற உச்சம். அந்த ரெண்டு கோடு இல்லாட்டி மிச்சமெல்லாம் வெறும் புள்ளிதான். வர்றவங்க முதல்ல கேக்கறதே எத்தனை கிணறு தாண்டுச்சுன்னுதான். அதைத் தலைப்புக்குக் கீழயே பெருசா எழுதிருங்க.

வாளையார்காரன்:
கிணத்துமேடு, பிடிஎஃப் பண்ணிப் பார்த்தீங்களா?

வாளையார்காரன்:
இருக்கீங்களா?

கிணத்துமேடு:
சரியாயிருச்சுங்க. துணியிலதான் அடிச்சோம். ரெண்டு கோடும் போட்டேன் சார். பஸ் ஏறிட்டேன், எல்லாருக்கும் நன்றி.

வாளையார்காரன்:
எந்த வழியில சரியாச்சுன்னு சொல்லிட்டுப் போங்க, அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.

ஃபிளெக்ஸ்கடை தம்பி:
துணிக்குச் சதுர அடிக்கு எவ்வளவு வாங்கினாங்கன்னும் சொல்லுங்க.

மலைச்சாரல்:
லதாவை மாத்தியிருப்பாங்க.