ஷார்ஜாவில் உள்ள மகனின் கைபேசிக்கு ரீசார்ஜ் செய்தேன்: பணம் போய்விட்டது, அழைப்பு மட்டும் போகவில்லை

காங்கயம் களத்துக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். என் மகன் ஏசி பழுதுபார்க்கும் வேலைக்காக ஷார்ஜாவுக்குச் சென்று நான்கு மாதங்கள் ஆகின்றன. விசிட் விசாவில் போய், பிறகு அங்கேயே வேலை விசாவுக்கு மாறிக்கொண்டான். சம்பளம் இன்னும் ஒழுங்காகக் கைக்கு வராததால் கைபேசிக்குப் பணம் போட முடியவில்லை என்று, அறையில் உள்ள வைஃபை வழியாக வாட்ஸ்அப்பில் எழுதினான். அந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் பதிவும் அனுப்பலாம்; அழைத்துப் பேச மட்டும் முடியாது. வெள்ளகோவிலில் இருக்கும் அவனுடைய அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மா) 81 வயது. குரல் பதிவைப் போட்டுக் காட்டினால், "நான் கேக்கறதுக்கு அது பதில் சொல்ல மாட்டேங்குதே" என்கிறார்.

ஆகவே வெளிநாட்டு எண்களுக்கு ரீசார்ஜ் செய்து தரும் ஒரு இணையதளத்தில், 50 திர்ஹாம் அனுப்பலாம் என்று திங்கட்கிழமை முயன்றேன். டெபிட் கார்டை ஏற்க மறுத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை என் தங்கை மகன் வங்கிச் செயலியில் ஏதோ ஓர் அமைப்பை மாற்றிக் கொடுத்த பிறகு, ஓடிபி கூடக் கேட்காமல் 1,300 ரூபாய் பிடித்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. இணையதளமோ "நடைபெறுகிறது" என்றே அரை மணி நேரம் காட்டிக்கொண்டிருந்தது. கொப்பரை காயும் களத்தில் நின்றுகொண்டு திரையையே பார்த்துப் பார்த்துப் பொறுமை இழந்து, புதன்கிழமை மறுபடியும் அதே தொகையைச் செலுத்தினேன். இந்த முறை "வெற்றி" என்று ரசீதே வந்துவிட்டது. ஆனால் அவன் கைபேசியிலிருந்து அழைப்பு போகவில்லை. நாங்கள் இங்கிருந்து ஐஎஸ்டியில் அழைத்தாலும் இணைப்பு கிடைக்கவில்லை. மூன்றாவது முறையும் பணம் போடலாமா? போன பணம் எங்கே நிற்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓய்வு பெற்ற காசாளர், கோபி:

தயவுசெய்து மூன்றாவது முறை செலுத்தாதீர்கள். உங்களுக்கு மூன்று நாட்களில் நடந்தவை மூன்று வெவ்வேறு விஷயங்கள். ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதால்தான் குழப்பம்.

திங்கட்கிழமை நடந்தது கோளாறே அல்ல. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவின்படி, புதிதாகவோ மாற்றியோ வழங்கப்படும் கார்டுகள் முதலில் உள்நாட்டு ஏடிஎம்களிலும் கடை இயந்திரங்களிலும் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டுப் பரிவர்த்தனை வேண்டுமென்றால் கார்டுக்கு உரியவரே அதைத் திறந்துவிட வேண்டும். உங்கள் தங்கை மகன் மாற்றியது அந்த அமைப்பைத்தான். வெளிநாட்டு விற்பனையாளர் ஓடிபி கேட்காமலேயே பணம் எடுக்க முடியும் என்பதால், வேலை முடிந்ததும் அதை மறக்காமல் மூடிவிடுங்கள். நான் கவுன்ட்டரில் இருந்த காலத்தில், திறந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மூடியவர்களைப் பார்த்த நினைவில்லை.

செவ்வாய்க்கிழமைத் தொகை பற்றி: குறுஞ்செய்தி வந்துவிட்டதாலேயே பணம் விற்பனையாளரைச் சேர்ந்துவிட்டது என்று பொருள் இல்லை. வங்கி தொகையை ஒதுக்கி மட்டும் வைத்திருக்கலாம். ரீசார்ஜ் நடக்காவிட்டால் அது சில வேலை நாட்களில் திரும்பும். பரிவர்த்தனை எண்ணைக் குறிப்பிட்டு அந்த இணையதளத்துக்கு எழுத்தில் கேளுங்கள். பதிலை வைத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். இன்னொன்றையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: அந்நியச் செலாவணிக்கான கட்டணமாக வங்கிகள் பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுத்து, அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் போடும். 3.5 சதவீதம் என்றால் உங்கள் 1,300 ரூபாய்க்கு ஏறத்தாழ 54 ரூபாய் கூடுதலாகப் போகும்.

பெருந்துறைக்காரர், முன்னாள் துபாய்வாசி:

ஐயா பணத்தின் பாதையைச் சொல்லிவிட்டார். நான் எண்ணின் பக்கம் வருகிறேன். 971 என்ற நாட்டுக் குறியீட்டுக்குப் பின் உள்ளூர் எண்ணின் முதல் 0 வரக் கூடாது. 050 என்று தொடங்கும் எண்ணை 97150 என்றே எழுத வேண்டும். அங்குள்ள கைபேசி நிறுவனங்களில் 050, 054, 056 ஆகியவை எதிசலாத்துக்கும், 052, 055, 058 ஆகியவை டூ நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பட்டவை என்றாலும், 2013 டிசம்பர் முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், எண்ணைப் பார்த்து நிறுவனத்தை ஊகிக்காமல் மகனிடமே கேட்டுக்கொள்வது நல்லது. எதிசலாத் என்றால் *121#, டூ என்றால் *135# அழுத்தினால் இருப்பு தெரியும். 50 அனுப்பினால் 50 இருக்காது. அங்கே 2018 முதல் 5 சதவீத வாட் வரி உண்டு, அது போக 47.62 திர்ஹாம்தான் நிற்கும்.

ஆனால் எனக்கு உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. இருப்பு தீர்ந்த சிம்மிலிருந்து வெளியே அழைக்க முடியாது, சரி. உள்ளே வரும் அழைப்பு ஏன் நிற்க வேண்டும்? இரண்டும் சேர்ந்து நின்றிருந்தால் சிம்மே முடக்கப்பட்டிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அங்கே ஒவ்வொரு சிம்மும் ஓர் அடையாள ஆவணத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. விசிட் விசாவில் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிய சிம்முக்குக் காலவரையறை உண்டு. எமிரேட்ஸ் ஐடி (அங்கே வசிப்பவர்களுக்கான அடையாள அட்டை) கைக்கு வந்ததும் அதைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் மகன் சிம் வாங்கியது எப்போது?

திருப்பூர் தையல்காரி:

இடையில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இப்படித் தேடிக்கொண்டிருந்தபோது, பாதி விலைக்கு வளைகுடா ரீசார்ஜ் செய்து தருவதாக டெலிகிராமில் ஒருவர் வந்தார். யுபிஐயில் 600 ரூபாய் அனுப்பியதும் காணாமல் போனார். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்தேன். அண்ணா, நீங்கள் அந்தப் பக்கம் போய்விட வேண்டாம். மிகவும் அவசரம் என்றால் அவருடன் தங்கியிருக்கும் யாரையாவது பக்காலாவில் (அங்குள்ள சிறு மளிகைக் கடையில்) ரீசார்ஜ் கார்டு வாங்கித் தரச் சொல்லி, சம்பளம் வந்ததும் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது.

காங்கயம் களத்துக்காரர்:

பெருந்துறைத் தம்பி சொன்னதே சரியாகிவிட்டது. விமானத்திலிருந்து இறங்கிய அன்றே பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிய சிம் அது. எமிரேட்ஸ் ஐடி வந்து ஐந்து வாரங்கள் ஆகியும், பணம் தீர்ந்ததால்தான் பேச முடியவில்லை என்று நினைத்துப் பையன் கடைப் பக்கமே போகவில்லை. *121# அழுத்தியும் சரியான பதில் வரவில்லை என்பதால், ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் நிறுவனத்தின் கடைக்கே போனான். கணக்கில் 47.62 திர்ஹாம் இருக்கிறது, பதிவுதான் காலாவதி ஆகியிருக்கிறது என்று அங்கிருந்தவர் திரையைத் திருப்பிக் காட்டினாராம். ஐடியைக் கொடுத்துப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு வெளியே வந்ததும் முதல் அழைப்பு வெள்ளகோவிலுக்கு. சாப்பிட்டாயா, அரிசி அங்கே என்ன விலை, எப்போது வருவாய் என்று அம்மிச்சி கேட்டுக்கொண்டே இருக்க, பதினேழு நிமிடம் பேசியிருக்கிறார்கள். மீதி எவ்வளவு என்று நான் இன்னும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ரீசார்ஜ் நடக்கவில்லை, தொகையைத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்று இணையதளத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. வங்கிக் கணக்கில் இன்னும் ஏறவில்லை; ஏறியதும் எத்தனை நாள் ஆயிற்று, முழுத் தொகை வந்ததா என்று இங்கேயே எழுதுகிறேன். காசாளர் ஐயா சொன்ன அந்த அமைப்பை நேற்று இரவே மூடிவிட்டேன்.