அந்த 'அண்ட்'டுக்கு நான் போட்ட சிவப்புக் கோடு

காவேரிப்பட்டினம், ஆங்கில ஆசிரியை:

போன வருஷம் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொல்லியிருந்தோம். ஒரு பெண் இப்படித் தொடங்கியிருந்தாள்: "மை ஃபாதர் இஸ் எ மேங்கோ ஃபார்மர் அண்ட் ப்ரௌட் ஆஃப் இட்." நான் 'அண்ட்'டின் அடியில் சிவப்புக் கோடு போட்டு அரை மதிப்பெண் குறைத்தேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த விதி அது. 'அண்ட்'டுக்கு இந்தப் பக்கம் பெயர்ச்சொல் இருந்தால் அந்தப் பக்கமும் பெயர்ச்சொல். இந்தப் பக்கம் பெயரடை என்றால் அந்தப் பக்கமும் பெயரடை. 'எ மேங்கோ ஃபார்மர்' பெயர்த்தொடர், 'ப்ரௌட்' பெயரடை. ஆகவே தப்பு. பதினான்கு வருஷமாக இப்படித்தான் திருத்தி வந்திருக்கிறேன்.

தாள் கொடுத்த அன்று சாயங்காலம் அந்தப் பெண் வந்து நின்றாள். "மிஸ், அப்போ இதை எப்படி எழுதணும்?" இரண்டு வாக்கியமாக உடைத்து எழுதிக் கொடுத்தேன். மை ஃபாதர் இஸ் எ மேங்கோ ஃபார்மர். ஹி இஸ் ப்ரௌட் ஆஃப் இட். அவள் படித்துப் பார்த்துவிட்டு "சரிங்க மிஸ்" என்று போய்விட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவள் எழுதியதில் அந்தப் பெருமை மாந்தோப்போடு ஒட்டி இருந்தது. நான் வெட்டியதில் அது தனியாகக் கழன்று விழுந்துவிட்டது. அன்றைக்கு இரவு வீட்டில் கிடந்த ஆங்கிலப் பேப்பரைப் புரட்டினேன். நான் தப்பு என்று திருத்தும் அதே வடிவம் விளையாட்டுப் பக்கத்திலேயே கண்ணில் பட்டது.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? எழுதுங்கள்.

தருமபுரி, செவிலியர்:

மிஸ், எங்கள் வேலையே இந்த வாக்கியத்தில்தான் ஓடுகிறது. ஷிஃப்ட் மாறும்போது கேஸ் ஷீட்டில் எழுதுவோம்: "பேஷன்ட் இஸ் எ நோன் டயபெடிக் அண்ட் ஆன் இன்சுலின்." (ஏற்கெனவே சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தவர், இன்சுலின் எடுக்கிறார்.) அடுத்த கட்டிலுக்கு, "ஹி இஸ் எ ஸ்மோக்கர் அண்ட் ப்ரெத்லெஸ்." அதற்கடுத்தது, "கான்ஷியஸ், ஓரியன்டட் அண்ட் இன் நோ பெயின்." வேலைக்குச் சேர்ந்த புதிதில், பள்ளியில் படித்த விதியை நினைத்து ஒவ்வொன்றையும் தனித்தனி வாக்கியமாக எழுதுவேன். ஒருநாள் சீனியர் சிஸ்டர் என் பேனாவை வாங்கி, என்னுடைய மூன்று வரியை ஒரே வரியாக எழுதிக் காட்டினார். "அடுத்து வர்றவங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுதான்மா, ஆள் இப்போ எப்படி இருக்கார். அதுக்குப் பதில் எதுவா இருந்தாலும் ஒரே வரியில சேரும்" என்றார். இலக்கணப் பெயர் எதுவும் அவர் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஓசூர், தொழிற்சாலையில் தரப்பிரிவு:

டீச்சர், நம் பிள்ளைகள் தப்பு செய்வது 'அண்ட்'டில் இல்லை என்பது என் அனுபவம். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பையன்களின் பயோடேட்டா நிறைய என் மேஜைக்கு வரும். பாதிக்குமேல் ஒரே வரி: "ஐ ஆம் சின்சியர் அண்ட் ஹார்ட் ஒர்க்கர்." இதில் காணாமல் போனது ஒரே ஓர் எழுத்து, 'எ'. "சின்சியர் அண்ட் எ ஹார்ட் ஒர்க்கர்" என்று எழுதினால் நல்ல ஆங்கிலம். 'எ' இல்லாவிட்டால் படிப்பவர் கண் 'சின்சியர் அண்ட் ஹார்ட்' என்று இரண்டையும் ஒரு கட்டாகக் கட்டி 'ஒர்க்கர்' மேல் ஏற்றிவிடும். 'ஹார்ட்' என்பது உழைப்பைச் சொல்லாமல் ஆளின் குணத்தைச் சொல்வதுபோல் ஆகிவிடும். அந்த 'எ'தான் "இங்கே புதிதாக ஒரு பெயர்த்தொடர் ஆரம்பிக்கிறது" என்று சொல்லும் கைகாட்டி.

அதை எங்கே வைக்கிறோம் என்பதிலும் பொருள் மாறும். "ஹி இஸ் ஹானஸ்ட் அண்ட் எ குட் டீச்சர்" என்றால் ஆள் எல்லா விஷயத்திலும் நேர்மையானவர், அதோடு நல்ல ஆசிரியர். "ஹி இஸ் அன் ஹானஸ்ட் அண்ட் குட் டீச்சர்" என்றால் நேர்மையும் ஆசிரியர் வேலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

எங்கள் வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ். மஞ்சிவாடு, ஒள்ளெயவனு, நல்லவன். மூன்றிலும் குணமே ஆளாகிவிடுகிறது. 'எ' மாதிரி ஒரு சின்னச் சொல்லை முன்னால் வைக்கும் பழக்கம் மூன்றிலும் இல்லை. பிள்ளைகள் அதை விட்டுவிடுவதில் ஆச்சரியமே இல்லை.

அரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஓசூர்த் தம்பி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். நன்னூல் 'உம்'முக்கு எட்டுப் பொருள் சொல்லும். அதில் பலவற்றை எண்ணி அடுக்கும் எண்ணும்மை ஒன்று. ஆனால் 'நல்ல' என்ற சொல்லோடு 'உம்'மை நேராக ஒட்ட முடியுமா? முடியாது. 'நல்லவரும்' என்று ஆளாக்கிய பிறகுதான் ஒட்டும். "நெடியனும் வலியனும் ஆயினான்" என்று உரைகளில் ஓர் எடுத்துக்காட்டு வரும். நெடிய, வலிய என்ற பண்புகள் இரண்டும் நெடியன், வலியன் என்று பெயராகி, அப்புறம்தான் கைகோத்துக்கொள்கின்றன. "அவர் விவசாயியும் நேர்மையானவரும் ஆவார்" என்னும்போது இரண்டு பக்கமும் பெயர்தான். தமிழ் தானாகவே சமப்படுத்திவிடும். ஆங்கிலம் ஒன்றைப் பெயராகவும் மற்றதைப் பெயரடையாகவும், இருந்தபடியே இருக்கவிட்டுக் கோக்கிறது. அந்தப் பெண்ணின் வாக்கியத்தை நானாக இருந்தால் பாராட்டியிருப்பேன் அம்மா. தமிழ் வழியில் வந்த பிள்ளைக்கு அது சுலபமாக வராது.

ஒகேனக்கல்:

என் மச்சான் பரிசல் ஓட்டுகிறார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் இறங்கும்போது "யூ ஆர் ஸ்ட்ராங் அண்ட் எ வெரி குட் கைட்" என்றாராம். மச்சான் அதை அப்படியே மனப்பாடமாகச் சொல்வார், அந்த 'எ' உட்பட. காதில் கேட்டுக் கற்றவர்கள் விடுவதில்லை போலிருக்கிறது.

பாலக்கோடு, மொழியியல் படித்தவன்:

ஆசிரியை பின்பற்றிய விதி ஆதாரம் இல்லாதது அல்ல. ஒரே வகையான தொடர்களே இணையும் என்று 1957-இல் அமெரிக்க மொழியியலாளர் சோம்ஸ்கியே எழுதினார். ஆனால் இப்படிப்பட்ட வாக்கியங்கள் ஆங்கிலத்தில் தாராளமாகப் புழங்குகின்றன. 1985-இல் சாக், கஸ்டர், வாசோ, வைஸ்லர் என்ற நால்வர் இதை முன்வைத்தே ஒரு பெரிய கட்டுரை எழுதினார்கள். வாக்கியத்தில் அந்த இடம் எவற்றையெல்லாம் தனித்தனியாக ஏற்கிறதோ, அவற்றைச் சேர்த்தும் ஏற்கும் என்பது அதன் சாரம்.

வகுப்பில் சொல்ல ஒரு வழி. இரண்டையும் தனித்தனியே சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். "ஹி பிகேம் ரிச்" சரி, "ஹி பிகேம் எ லீடர்" சரி. ஆகவே "ஹி பிகேம் ரிச் அண்ட் எ லீடர்" சரி. 'பிகேம்' இருக்கும் இடத்தில் 'க்ரூ' போடுங்கள். "ஹி க்ரூ ரிச்" நிற்கும். "ஹி க்ரூ எ லீடர்" என்றால் செடி வளர்ப்பதுபோல் ஒரு தலைவரை வளர்த்தார் என்றாகிவிடும். அதனால் 'க்ரூ'வில் இரண்டும் சேராது. தடை 'அண்ட்'டில் இல்லை, வினைச்சொல்லில் இருக்கிறது. பெயருக்கு முன்னாலும் இந்தக் கலப்பு உண்டு. "மெடிக்கல் அண்ட் ட்ராவல் எக்ஸ்பென்சஸ்" என்று ஆபீஸ் பில்லில் எழுதுகிறோமே, அதில் முதலாவது பெயரடை, இரண்டாவது பெயர்.

பாப்பாரப்பட்டி:

எங்கள் ஊருக்கு வந்த வடநாட்டு நண்பர்களுக்காக சுப்பிரமணிய சிவாவைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். சிறையில் தொழுநோய் பிடித்து, அதோடேயே ஊர் ஊராகப் போய், 1923-இல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸை இங்கே அழைத்துவந்து பாரதமாதா கோயிலுக்கு அடிக்கல் நாட்ட வைத்தவர். 1925-இல் இங்கேயே காலமானார். "கிரேவ்லி இல் பட் எ டயர்லெஸ் ஆர்கனைசர்" என்று எழுதிவிட்டு, பெயரடைக்கும் பெயருக்கும் நடுவில் 'பட்' வரலாமா என்று பயந்து அடித்துவிட்டேன். இதைப் படித்த பிறகு திரும்ப எழுதிக்கொண்டேன். நோயும் உழைப்பும் எதிரெதிராக நிற்பதைக் காட்ட அந்த 'பட்' வேண்டும்.

ஓசூர், தரப்பிரிவு:

ஒன்று விட்டுப்போயிற்று. இலக்கணம் விட்டாலும் பொருள் விடாத இடம் உண்டு. என் அண்ணன் மகள் பேச்சுப்போட்டிக்கு எழுதியது: "ராஜாஜி வாஸ் சிம்பிள் அண்ட் த லாஸ்ட் கவர்னர்-ஜெனரல் ஆஃப் இந்தியா." அவர் பிறந்த தொரப்பள்ளி எங்களுக்குப் பக்கம் என்பதால் ராஜாஜி இல்லாத பேச்சுப்போட்டி இங்கே கிடையாது. வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் எளிமைக்கும் பதவிக்கும் நடுவில் என்ன உறவு என்று 'அண்ட்' சொல்லவில்லை. 'அண்ட்'டை எடுத்துவிட்டு, 'இருந்தும்' என்ற பொருள் தரும் 'தோ' (though) போடச் சொன்னேன். அவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்தும் எளியவர் என்று உறவு தெரிந்துவிட்டது. அந்தப் பெண் தன் அப்பாவின் தொழிலையும் பெருமையையும் 'ஆஃப் இட்' என்ற இரண்டு சொல்லால் முடிச்சுப் போட்டிருந்தாளே டீச்சர், அதுதான் அங்கே உயிர்.

காவேரிப்பட்டினம், ஆங்கில ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. அந்தப் பெண் இப்போது எங்கள் பள்ளியிலேயே பதினொன்றாம் வகுப்பு. நேற்று கூப்பிட்டு, "நீ எழுதினது சரிம்மா, நான்தான் தப்பாத் திருத்திட்டேன்" என்று சொன்னேன். அவளுக்கு எந்த வாக்கியம் என்றே முதலில் நினைவுக்கு வரவில்லை. சொன்னதும் சிரித்தாள். "அப்பாகிட்டச் சொல்றேன் மிஸ்" என்றாள்.

இன்றைக்குப் பத்தாம் வகுப்பில் விதி எதுவும் சொல்லாமல், கரும்பலகையில் 'அண்ட் எ' என்று மட்டும் பெரிதாக எழுதி, முன்னும் பின்னும் அவர்களையே நிரப்பச் சொன்னேன். ஆடு மேய்க்கும் வீட்டிலிருந்து வரும் ஒரு பையன், கடைசி பெஞ்சு, கை தூக்கவே மாட்டான். எழுந்து வந்து சுண்ணாம்புக் கட்டியை வாங்கி எழுதினான்: "அவர் கோட் இஸ் பிளாக் அண்ட் எ தீஃப்." பக்கத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டேன். மணி அடித்தும் அதை அழிக்க யாரும் வரவில்லை.