மறு: மறு: ‘நொமினி’க்கு ஒரு சொல் (வெள்ளிக்கு முன்)

உப்புவெளி:
எங்கட கடற்றொழிலாளர் சங்கப் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள்ள தமிழாக்கிக் குடுக்கவேணும். ‘நொமினேற்’ (பதவிக்குப் பெயர் குடுக்கிறது), ‘அப்போயின்ற்’ (பதவியில வைக்கிறது) ரெண்டும் ஒரே பக்கத்தில வருகுது. ரெண்டுக்கும் ‘நியமனம்’ எண்டு போட்டால், செயலாளர் பதவிக்குப் பெயர் வந்த மூண்டு பேரும் மாலை வாங்கப் போயிடுவினம். கடைசிப் பக்கத்தில ‘நொமினி’ வேற, அங்கத்தவர் செத்தால் காசு ஆரிட்டக் குடுக்கிறது எண்டு எழுதிவைக்கிற ஆள்.

மூதூர் ஆசிரியர்:
நியமனம் வடமொழி. யோகத்தில் வரும் இயமம், நியமம் இரண்டுக்கும் உள்ள அடிதான், பொருள் கட்டுப்படுத்தல். பெயருக்கும் அதற்கும் ஒட்டில்லை. ‘நொமினேற்’ என்ற ஆங்கிலச் சொல்லோ பெயர் என்று பொருள்படும் ‘நோமென்’ என்ற லத்தீன் சொல்லில் பிறந்தது. வடமொழி நாமமும் ஆங்கில ‘நேம்’ உம் அதன் ஒன்றுவிட்ட சகோதரங்கள். எழுவாய் வேற்றுமையை ஆங்கிலத்தில் ‘நொமினேற்றிவ்’ என்பார்கள். தொல்காப்பியர் அதைப் ‘பெயர் தோன்று நிலை’ என்றார். பார்த்தீர்களா! ஆகவே ‘பெயர்தோற்றல்’.

உப்புவெளி:
சேர், ‘தோற்றல்’ எண்டு படிவத்தில கண்டால் ஒருத்தனும் போட்டிக்கு வரமாட்டான்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
குழப்பம் அரசாங்கம் செய்தது. 1947 இலிருந்து 1972 வரை இலங்கைப் பிரதிநிதிகள் சபையில 6 நியமன அங்கத்தவர் இருந்தினம். தேர்தலே இல்லாமல் கதிரை. தேர்தலுக்கு நிக்கிறவன் குடுக்கிறதும் ‘நியமனப் பத்திரம்’. அவனுக்குக் கட்டுக்காசும் மிஞ்சாமல் போகலாம். ‘அப்போயின்ற்’ உக்கு ‘அமர்த்தல்’ போதும். குளக்கோட்டன் ராசா திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குத் தானத்தார், வரிப்பத்தார் எண்ட கோயில் ஊழியக்காரரை அமர்த்தினான் எண்டுதானே கதைக்கிறம்.

சென்னை:
நாமினிக்கு இங்கே ‘வாரிசுதாரர்’ என்றும் எழுதுகிறார்கள்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
அது பிழை, தம்பி. கூட்டாளியையும் நொமினியா எழுதலாம். அதுக்காக அவன் வாரிசாகிவிடுவானே?

மூதூர் ஆசிரியர்:
குளக்கோட்டன் ‘அமர்த்தினான்’ என்பது பிற்காலப் பேச்சு. ‘வரிப்பத்து’ என்ற சொல்லையும் முதலில் பிரித்துப் பார்க்கவேண்டும்.

உப்புவெளி:
வேண்டாம் சேர். நாளைக்கு வெள்ளி.

சென்னை:
‘முன்மொழிதல்’?

உப்புவெளி:
முன்மொழியிறவர், வழிமொழியிறவர் ரெண்டு பேருக்கும் படிவத்தில வேற கோடு இருக்கு.

உப்புவெளி (வெள்ளி காலை):
அனுப்பியாச்சு. பதவிக்கு ‘பெயர்குறித்தல்’, பிறகு ‘அமர்த்தல்’. நொமினிக்குப் ‘பெயர்குறிக்கப்பட்டவர்’ எண்டு எழுதிப் பார்த்தன், பெட்டிக்குள்ள அடங்கேல்லை. கந்தோரில புழங்கிற ‘பின்னுரித்தாளி’ எண்டே விட்டிட்டன்.

மூதூர் ஆசிரியர்:
உடன்பாடில்லை. அதில் ‘பின்’ எதற்கு? ‘உரித்தாளி’ போதும். இரவுக்கு விரிவாக எழுதுகிறேன்.