க்த்ஸ்கோங்க் மடம்: எந்த ஆண்டுப் பூகம்பம்?

வழிப்போக்கன்: துருக்கியின் கார்ஸ் மாகாணத்தில், திகோர் பள்ளத்தாக்கில் இருக்கும் ஆர்மேனியக் கிறித்தவ மடம் இது. ஐந்து கோயில்களில் நான்கு பூகம்பத்தில் போய்விட்டன. 1024-இல் கட்டிய புனித சர்கிஸ் கோயில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கற்றளி: எந்தப் பூகம்பம்? ஆண்டைச் சொல்லுங்கள். 1959-இல் பிரெஞ்சு ஆய்வாளர் தியெரி போய்ப் பார்த்தபோதே நான்கும் இல்லை. ராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது என்று அந்தப் பக்கத்து மக்களே சொல்லியிருக்கிறார்கள்.

வழிப்போக்கன்: 1912. திகோர் ஊரிலிருந்த ஐந்தாம் நூற்றாண்டு தெகோர் கோயில் அதில்தான் சரிந்தது. அது பூகம்பம், பக்கத்தில் இருக்கும் இது மட்டும் வெடியா?

கற்றளி: க்த்ஸ்கோங்க்கில் 1920 வரை வழிபாடு நடந்தது. துருக்கித் தளபதி கராபெகிரின் படை வந்து ஆர்மேனியர்களை வெளியேற்றிய பிறகுதான் நின்றது. 1912-இல் விழுந்த கோயிலில் எட்டு வருடம் பூசை வைத்தார்களா? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மலர்: ஊர்க்காரர் பேச்செல்லாம் ஆதாரமா? எங்கள் ஊர் மண்டபம் ஒவ்வொன்றுக்கும் நாலு கதை உண்டு. அப்புறம், க்த்ஸ்கோங்க் என்பதற்குப் பதில் பெஷ்கிலிசே என்றே எழுதலாமே. துருக்கி மொழியில் 'ஐந்து கோயில்' என்று பொருள், வாயிலும் நுழையும்.

கற்றளி: ஆட்களைத் துரத்தியாயிற்று, பெயரையாவது விட்டுவையுங்கள்.

மலர்: நானா துரத்தினேன்? அனி நகரம் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் என் மேல் பாய்ந்தீர்கள். மறக்கவில்லை.

வழிப்போக்கன்: 1912-இல் விரிசல் விட்டு, பிறகு வந்த அதிர்வில் விழுந்திருக்கும். நான் கார்ஸ் வரை போய் வந்தவன் ஐயா. நீங்கள் படம் பார்த்துப் பேசுகிறீர்கள்.

கற்றளி: கார்ஸ் போனீர்கள், சரி. பள்ளத்தாக்கில் இறங்கினீர்களா? சர்கிஸ் கோயிலின் கும்மட்டம் அப்படியே நிற்கிறது. கீழே பக்கச் சுவர்கள் வெளிப்பக்கமாகப் பிய்ந்து கிடக்கின்றன. உச்சியை விட்டுவிட்டு அடிச்சுவரை மட்டும் வெளியே தள்ளுகிற பூகம்பம் எது? 'பிறகு வந்த அதிர்வு' என்றால் எந்த ஆண்டு? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

வழிப்போக்கன்: நான் இறங்கினேனா இல்லையா என்பது உங்களுக்குத் தேவையில்லை. பூகம்பம்தான்.

கற்றளி: ஆண்டு?

மலர்: பெயர் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.