பாட்ஷா ஆண்டனி இல்ல, ரோம் ஆண்டனி

குரூப்: மேலத்தெரு குடும்பம்

கார்த்தி: [வீடியோ]

கார்த்தி: எல்லாரும் பாருங்க. ஷேக்ஸ்பியரோட ஜூலியஸ் சீசர் நாடகத்துல சீசர் பொணத்தை வச்சுக்கிட்டு மார்க் ஆண்டனி பேசுற இடம். ஒரே வசனம், மூணு பேர். 1953ல மார்லன் பிராண்டோ, 1970ல சார்ல்டன் ஹெஸ்டன், 2016ல டேமியன் லூயிஸ். யாருக்கு ஓட்டு?

முரளி: மார்க் ஆண்டனின்னா ரகுவரன் தான். பேச்சே கிடையாது 🔥

ப்ரியா: சித்தப்பா 🤦 இது பாட்ஷா ஆண்டனி இல்ல, ரோம் ஆண்டனி

முரளி: ரெண்டு பேரும் ஊரைக் கொளுத்துறவன் தானம்மா

சுந்தரம்: முரளி சொன்னதுல தப்பில்லை. ஏலே கார்த்தி, இதை வெட்டினவன் யாருன்னு தெரிஞ்சா சொல்லு, ரெண்டு வைக்கணும். "நண்பர்களே, ரோமானியர்களே"ன்னு ஆரம்பிச்சு நாலு வரி வந்ததும் அடுத்த ஆளுக்குத் தாவிட்டான். விஷயமே அதுக்கு அப்புறம்தான இருக்கு.

கார்த்தி: ரீல்ஸ்னா அப்படித்தான் மாமா. உங்க ஓட்டு?

சுந்தரம்: கீல்குட்.

கார்த்தி: அவர் லிஸ்ட்லயே இல்லையே 😂

சுந்தரம்: அதான் குறை. ஜான் கீல்குட், இங்கிலாந்து மேடை நடிகர். அந்த 53 படத்துலயே காஸியஸா வர்றார், சீசரைக் கொன்னவங்கள்ல ஒருத்தன். வரியை எங்க நிறுத்தணும், எங்க தூக்கணும்னு பிராண்டோவே அவர்கிட்டதான் கேட்டுக்கிட்டான்.

ப்ரியா: அப்பா, கீல்குட் பேசினா கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கலாம். ஒத்துக்கிறேன். ஆனா படம்னா கண்ணைத் திறந்து வச்சுப் பாக்கணும்ல

சுந்தரம்: பிராண்டோவைக் குறைச்சுச் சொல்லல. படம் வர்றதுக்கு முன்னாடி அவனை என்னா கிண்டல் பண்ணினாங்க. 51ல ஸ்ட்ரீட்கார் படத்துல பனியனைக் கிழிச்சுக்கிட்டு முணுமுணுன்னு பேசினவன் ஷேக்ஸ்பியர் பேசப்போறானாம்னு ஒரே சிரிப்பு. வந்ததும் வாயை மூடிக்கிட்டாங்க. ஆஸ்கருக்குப் பேர் போச்சு, இங்கிலாந்துக்காரங்க குடுக்குற பாஃப்டா விருது கையிலயே கிடைச்சது. கீல்குட் அவனை லண்டன் மேடையில ஹாம்லெட் பண்ண வான்னு கூப்பிட்டுப் பாத்தார். அவன் போகல. வேற என்னல வேணும்?

கார்த்தி: அப்ப ஓட்டு பிராண்டோவுக்குத்தானே

சுந்தரம்: கீல்குட்.

லலிதா: அண்ணா, அம்மா டேப்ல பாத்துட்டு முழுசையும் போடச் சொல்றா. கார்த்தி, பிராண்டோ சீன் முழுசா இருக்கா?

கார்த்தி: [வீடியோ]

முரளி: அம்மாவுக்கு இங்கிலீஷ் எப்ப வந்துச்சு அக்கா?

லலிதா: உனக்கு மட்டும் வந்துருச்சாக்கும்

லலிதா: எங்க வீட்ல இப்ப நடக்குறதை அப்படியே போடுறேன். "இவன் தூக்கிட்டு வாரானே, யாரு பொணம்?"ன்னா. சீசர்னேன். "முன்னால ஒருத்தன் பேசிட்டுப் போனானே?" அவன் புரூட்டஸ், கொன்னவங்கள்ல ஒருத்தன்னேன். "கொன்னவன் இவனைப் பேச விட்டுட்டு எடத்தைக் காலி பண்ணிட்டானா? கூறுகெட்டவன்"ன்னா

சுந்தரம்: 😂😂 காஸியஸ் அதைத்தான் தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னான், ஆண்டனியை மட்டும் பேச விடாதன்னு. புரூட்டஸ் கேட்டாத்தானே.

லலிதா: [குரல் பதிவு 0:34]

முரளி: ட்யூட்டில இருக்கேன், கேக்க முடியாது. யாராவது அடிச்சுப் போடுங்க

ப்ரியா: நான் போடுறேன் சித்தப்பா. ஆச்சி சொல்றது: "தொண்டை அடைச்ச மாதிரி பேச்சை நிறுத்திட்டு கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கிட்டான் பாரு. அழுகையை மறைக்கான்னு அதுக நினைக்கு. மூஞ்சி நமக்குல்லா தெரியுது! காதை மட்டும் பின்னாடி வச்சுக்கிட்டு, கூட்டம் என்ன பேசுதுன்னு கேட்டுக்கிட்டு நிக்கான். களவாணிப் பய."

கார்த்தி: 👏👏👏👏

கார்த்தி: மாமா, இருக்கீங்களா?

சுந்தரம்: இருக்கேன். இப்பத்தான் அந்த இடத்தை மறுபடி பாத்தேன். "என் இதயம் சீசரோட பெட்டிக்குள்ள கிடக்கு, அது திரும்பி வர்ற வரைக்கும் நிறுத்திக்கிறேன்"னு வரி. அதுக்கு அடுத்து புத்தகத்துல நாலு குடிமக்கள் தங்களுக்குள்ள பேசிக்குவாங்க. இவன் சொல்றதுலயும் நியாயம் இருக்குடா, பாவம், அழுது கண்ணு சிவந்துட்டுன்னு. பரீட்சையில வராதுன்னு பசங்க அதைத் தாண்டிப் போயிடுவானுக. டைரக்டர் மேன்கீவிச் அந்த நாலு பேர் பேச்சை வச்சுத்தான் சீனையே கட்டியிருக்கான். பேசுறவன் வாயை விட கேக்குறவன் மூஞ்சிதான் அங்க முக்கியம்.

ப்ரியா: இதைத்தான்ப்பா நானும் சொல்ல வந்தேன். ஆரம்ப வரியையே பாருங்க. எல்லாரும் அதைப் பாட்டு மாதிரி அழகா எடுப்பாங்க. இவன் கத்துறான், ஏன்னா கூட்டம் இவனைப் பேசவே விடல. எரிச்சல்ல கத்துறான். அப்பவே நமக்குத் தெரிஞ்சுடுது, இந்த ஆள் இன்னும் ஜெயிக்கலன்னு.

ப்ரியா: டேமியன் லூயிஸ் பண்ணினது கார்டியன் பத்திரிகைக்கு. கூட்டமே கிடையாது, நம்மளைப் பாத்துப் பேசுறார். நல்லாத்தான் இருக்கு. ஆனா நாம மசியுறோமா இல்லையான்னு அவரால பாக்க முடியாதே. இந்தப் பேச்சு பாதி அதுலதான் ஓடுது.

முரளி: அப்ப தனியா பேசுற வசனம் எல்லாம்?

ப்ரியா: அதுக்கு இங்கிலீஷ் நடிகர் இயன் மெக்கெல்லன் 😍 1995ல வந்த மூணாம் ரிச்சர்ட் படம், அதுவும் ஷேக்ஸ்பியர்தான். முதல் பேச்சுல பாதியை விருந்துல மைக் முன்னாடி பேசுவார், எல்லாரும் சிரிச்சுக் கைதட்டுவாங்க. அப்படியே கட் பண்ணினா பாத்ரூம். மீதி வசனம் ஒண்ணுக்குப் போய்க்கிட்டே. அப்புறம் கண்ணாடியில நம்மளைப் பாத்துடுவார். திரும்பி நம்மகிட்டயே பேச ஆரம்பிச்சுடுவார். எனக்கு நிஜமாவே தூக்கிவாரிப் போட்டுச்சு

லலிதா: சாப்பிடுற நேரத்துல என்ன பேச்சுடி இது

லலிதா: நம்ம சிவாஜி பண்ணாததா? ரத்தத் திலகத்துல ஒத்தெல்லோ. சாவித்திரிதான் டெஸ்டிமோனா. இங்கிலீஷ்லயே பேசுவாங்க

சுந்தரம்: 1963. பத்து வருஷம் கழிச்சு ராஜபார்ட் ரங்கதுரையில ஹாம்லெட்டும் பண்ணினார்.

முரளி: ராஜபார்ட் பாக்கப் போனப்ப நான் பொடிப்பய. அந்த சீன்ல ஒரு வார்த்தை புரியல. விசில் மட்டும் அடிச்சேன்

முரளி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ப்ரியா: என்ன சித்தப்பா அழிச்சீங்க?

முரளி: ஒண்ணுமில்ல. குட்நைட் படம் இந்த குரூப்ல விழுந்துருச்சு

லலிதா: அம்மா ஹெஸ்டனையும் பாத்துட்டா. "ரெண்டாவது ஆளு வாட்டசாட்டமா இருக்கான், குரலும் கணீர்னு இருக்கு. பொண்ணு குடுக்கலாம்"

கார்த்தி: பிராண்டோவுக்கு?

லலிதா: "அவன்கிட்ட கடன் கூட வாங்கக் கூடாது. ஆனா நடிப்புன்னா அவன்தான்"

கார்த்தி: ஆச்சி ஓட்டு பிராண்டோவுக்கு!! மாமா, மூணுக்கு ஒண்ணு 😎

சுந்தரம்: கீல்குட் டெபாசிட் போனாலும் நான் கட்சி மாற மாட்டேன்.

லலிதா: இரு, இன்னும் முடியல. ஆண்டனி சீசரோட உயிலைக் காட்டுற சீன்ல நிறுத்தச் சொன்னா. "உயிலை எடுத்துக் காட்டுதான். வாசிடான்னா மாட்டேங்கான். வாசிச்சா உங்க மனசு தாங்காதுங்கான். எங்க அப்பா வீட்ல பாகம் பிரிக்க வந்த ஆளும் இப்படித்தான், பத்திரத்தை மடியில வச்சுக்கிட்டு ரெண்டு காப்பி குடிச்சான், பிரிக்கவே இல்ல. அதுக்குள்ள அண்ணன் தம்பி அடிச்சுக்கிட்டாங்க"

ப்ரியா: ஆச்சி 🙏🙏 வேற லெவல்

கார்த்தி: கடைசில ஊரே கொள்ளிக்கட்டையைத் தூக்கிட்டு ஓடும்போது பிராண்டோ மூஞ்சியைப் பாத்தாளா? லேசா ஒரு சிரிப்பு வரும்

லலிதா: பாத்தா. அதுக்கு ஒண்ணும் சொல்லல. அவ கவலை வேற. "உயில்ல ஆளுக்கு எவ்வளவு எழுதியிருந்துச்சு?"ன்னு கேக்குறா

சுந்தரம்: ரோம்ல குடியிருக்குற ஒவ்வொருத்தனுக்கும் 75 டிராக்மா. போக டைபர் ஆத்தங்கரையில சீசரோட தோட்டம் எல்லாம் பொது ஜனத்துக்கு.

லலிதா: "குடுத்தானா?"

கார்த்தி: இதை நான் யோசிக்கவே இல்லையே 😂 மாமா?

சுந்தரம்: நல்ல கேள்வி. நாடகத்துல அடுத்த அங்கம் திறந்த உடனே ஆண்டனி தன் கூட்டாளி லெபிடஸை அனுப்புறான். சீசர் வீட்டுக்குப் போய் அந்த உயிலை எடுத்துட்டு வா, குடுக்க வேண்டியதுல எதை எதைக் குறைக்கலாம்னு பாப்போம்ங்கான். கூட்டத்தை அழவச்ச அதே உயில்.

ப்ரியா: அடப்பாவி

சுந்தரம்: நிஜ ரோம்ல பணம் போய்ச் சேந்துச்சு. ஆளுக்கு 300 செஸ்டர்ஸ், அது ரோம் நாணயம், கணக்குப் பாத்தா அதே 75 டிராக்மாதான். ஆனா குடுத்தது ஆண்டனி இல்ல. சீசர் தத்தெடுத்த பையன் ஆக்டேவியன். பின்னால அகஸ்டஸ்னு பேர் வச்சுக்கிட்டு ராஜாவானானே, அவன். குடுத்தேன்னு கல்வெட்டுலயே வெட்டி வச்சுட்டுப் போயிருக்கான்.

லலிதா: சொல்லிட்டேன். காசைக் குடுத்த பையன் பேசுற வீடியோ இருந்தா கார்த்தியை அனுப்பச் சொல்றா

கார்த்தி: அவனுக்கு பேமஸ் வசனமே கிடையாது ஆச்சி 😅