மொத்த மதிப்பெண்ணை வைத்துக் கற்றல் விளைவை அளக்க முடியுமா?

கேள்வி

வணக்கம். கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பிக்கிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் கற்றல் விளைவுகளை, அதாவது பாடம் முடிந்தபின் மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை வரையறுத்து, அவை எந்த அளவுக்கு எட்டப்பட்டன என்று பருவ முடிவில் அறிக்கை தர வேண்டும். என் பாடத்தின் முதல் விளைவு, "மாணவர் ஒட்டுறவுக் கெழுவைப் புரிந்துகொள்வார்" என்பது. (இரண்டு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து மாறுகின்றன என்பதை -1 முதல் +1 வரை காட்டும் எண்ணே இந்தக் கெழு.) தேர்வில் 60 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தவர்களை எண்ணிக் கணக்குக் காட்டுவதே இதுவரை எங்கள் துறையின் வழக்கம்.

சென்ற வாரம் இரண்டு விடைத்தாள்கள் என்னை நிறுத்திவிட்டன. 6 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர்களின் காலணி அளவையும் வாசிப்புத் தேர்வு மதிப்பெண்ணையும் அட்டவணையாகத் தந்து, கெழுவைக் கணக்கிட்டு அதன் பொருளை விளக்கச் சொல்லியிருந்தேன். கணக்குக்கு 14, விளக்கத்துக்கு 6. முதல் மாணவர் பிழையே இல்லாமல் 0.8 என்று கண்டுபிடித்துவிட்டு, "எனவே காலணி அளவு கூடினால் வாசிப்புத் திறன் கூடும்" என்று முடித்திருந்தார். இன்னொருவர் வர்க்கங்களைக் கூட்டும்போது தவறியதால் வேறு விடை பெற்றிருந்தார். ஆனால், "வயது கூடும்போது இரண்டும் வளர்கின்றன, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்ல முடியாது" என்று எழுதியிருந்தார். முதலாமவருக்கு 14+0, இரண்டாமவருக்கு 8+6. இருவருக்கும் 14 தான். இவர்களில் யார் விளைவை எட்டினார் என்று நான் எழுதுவது?

மறுமொழி 1

விளைவை எழுதிய விதத்திலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. ஒருவர் புரிந்துகொண்டதை நம்மால் நேராகப் பார்க்க முடியாது. புரிந்துகொண்டவர் எதைச் செய்து காட்டுவார் என்பதையே பார்க்க முடியும். கல்வியாளர் பெஞ்சமின் புளூம் தலைமையிலான குழு 1956இல் வெளியிட்ட கல்வி இலக்குகளின் வகைப்பாடும், நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல் என்று 2001இல் திருத்தப்பட்ட அதன் வடிவமும் இதற்காகத்தான் பரவலாகக் கையாளப்படுகின்றன.

ஆனால் பட்டியலிலிருந்து வினைச்சொல்லை எடுத்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடாது. அதே காலணிக் கணக்கைத் தேர்வுக்கு முன் வகுப்பில் விளக்கியிருந்தால், பகுத்தாய்வு வினா என்று நாம் பெயரிட்டது நினைவாற்றல் வினாவாகிவிடும். ஆகவே எந்தச் சூழலில் செய்கிறார் என்பதும் விளைவுக்குள் வர வேண்டும். உங்கள் ஒரு விளைவை இரண்டாகப் பிரிக்கப் பரிந்துரைக்கிறேன். ஒன்று, தரவைக் கொண்டு கெழுவைச் சரியாகக் கணக்கிடுதல். மற்றொன்று, முன்பு பார்த்திராத தரவில் கிடைத்த கெழுவைக் கொண்டு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று காரணத்துடன் விளக்குதல். அப்படிப் பிரித்தால் உங்கள் இரு மாணவர்களும் தாமாகவே பிரிந்து நிற்பார்கள். ஒரு பாடத்துக்கு ஐந்தாறு விளைவுகள் போதும். அதற்கு மேல் எழுதினால் ஒன்றையும் உருப்படியாக மதிப்பிட நேரம் இருக்காது.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். இரண்டாவது விளைவுக்கு ரூப்ரிக் ஒன்று தேவை, அதாவது விடையின் தரத்தைப் படிப்படியாக விவரிக்கும் மதிப்பீட்டு அட்டவணை. அதை வெறுந்தாளில் தொடங்காமல், திருத்திய தாள்களை மேசையில் பரப்பி, ஒரே தரத்தில் உள்ளவற்றை அடுக்கிப் பார்த்து எழுதுங்கள். உங்கள் வினாவுக்கு நான்கு படிகள் இப்படி அமையலாம்: கெழுவைக் காரணமாகவே கொள்பவர்; உறவின் திசையையும் வலிமையையும் மட்டும் சொல்பவர்; காரணம் என்று கொள்ளக் கூடாது என எச்சரிப்பவர்; அந்த எச்சரிக்கைக்கு மேல், வயது போன்ற மூன்றாவது மாறியைத் தாமே சுட்டிக்காட்டுபவர். "நன்று", "மிக நன்று" என்ற சொற்களை மட்டும் படிகளாக வைத்தால் ஆளுக்கொரு பொருள் கொள்வார்கள்.

பிறகு மற்றோர் ஆசிரியரிடம் அதே தாள்களைத் தந்து தனியாகப் படியிடச் சொல்லுங்கள். நாங்கள் முதன்முறை செய்தபோது மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையில்தான் மோதல் வந்தது. மாறியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டுமா, "வேறு காரணம் இருக்கலாம்" என்றாலே போதுமா என்பதை நாங்கள் முன்கூட்டியே முடிவு செய்திருக்கவில்லை. இருவரின் ஒப்புதலை எண்ணால் காட்ட விரும்பினால், தற்செயலாக ஒத்துப்போகும் பகுதியைக் கழித்துக் கணக்கிடும் கோஹன் கப்பா என்ற அளவை (1960) உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். வகுப்பு பெரிதென்றால் எல்லாத் தாள்களும் வேண்டியதில்லை. குலுக்கல் முறையில் எடுத்த ஒரு பகுதியே போதும்.

மறுமொழி 3

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். 60 விழுக்காடு என்பது துறை தனக்குத் தானே வைத்துக்கொண்ட இலக்கு. அதற்குத் தனிப் புனிதம் எதுவும் கிடையாது. மேலும், இந்த முடிவுகளைக் கொண்டு ஆசிரியரை எடைபோடத் தொடங்கினால், எல்லாரும் எளிதில் எட்டக்கூடிய விளைவுகளையே எழுதுவார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் ஒன்று, ஏனெனில் அதற்குப் பிறகு மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்று அறிய நமக்கு வழியே இல்லாமல் போகிறது.

கல்வியாளர் ஜான் பிக்ஸ் 1996இல் முன்வைத்த கருத்தின்படி, விளைவு, வகுப்பில் மாணவர் செய்யும் வேலை, மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். உங்களிடம் ஒன்று கேட்கலாமா? கெழுவின் பொருளை விளக்கும் பயிற்சிக்கு வகுப்பில் எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள்?

கேள்வி கேட்டவர்

பாடக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒட்டுறவுக்கு ஒதுக்கிய 6 வகுப்புகளில் விளக்கத்துக்குக் கிடைத்தது கடைசி வகுப்பின் பிற்பாதி மட்டுமே. அதிலும் நான்தான் பேசினேன், மாணவர் ஒருவரும் எழுதிப் பார்க்கவில்லை. அடுத்த பருவத்தில் கைக்கணக்கை இரண்டு வகுப்புகளோடு நிறுத்திவிட்டு, மீதி நேரத்தில் ஒவ்வொரு முறையும் புதிய தரவைத் தந்து மாணவர்களையே எழுதவைக்கப் போகிறேன். சக ஆசிரியை ஒருவர் 20 தாள்களைப் படியிட ஒப்புக்கொண்டார். பெயர்களையும் மதிப்பெண்களையும் மறைத்து நகலெடுத்து நாளை அவரிடம் கொடுக்கிறேன்.