அப்டேட்: கையெழுத்து இல்லாத சார்ட்டுக்கு பில் போடச் சொன்ன விஷயம்
போன வாரம் கேட்டிருந்தேன்ல, நான் பில்லிங்குக்குப் பார்க்குற அமெரிக்க கிளினிக் ஒன்னோட சார்ட்டுங்க (பேஷண்ட்ட பார்த்தத டாக்டர் எழுதி வைக்கிற ரெக்கார்டு), சிலதுல டாக்டர் கையெழுத்தே இல்ல, ஒன்னுல பிளானே (அடுத்து என்ன சிகிச்சைன்னு எழுதுற பகுதி) காலி, ஆனா எங்க டீம் லீட் 99214 (ஏற்கெனவே வர்ற பேஷண்ட்டோட விசிட்டுக்கான ஒரு பில்லிங் கோடு) போட்டு அனுப்புங்கிறாரு, என்ன பண்றதுன்னு. நீங்க சொன்ன மாதிரியே ஹோல்டுல வச்சுட்டு டாக்டருக்கு க்வெரி அனுப்புனேன். கையெழுத்து மட்டும் விட்டுப்போனதுக்கு அட்டெஸ்டேஷன் (இந்த ரெக்கார்டு நான் எழுதுனதுதான்னு டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தர்றது) வந்துச்சு, மெடிகேர் (அமெரிக்க அரசோட மருத்துவக் காப்பீடு) அத ஏத்துக்கும், அதெல்லாம் க்ளைம் போயாச்சு.

பிளான் இல்லாததுக்கு டாக்டர் அடெண்டம் (விட்டுப்போனத பின்னாடி சேர்த்து எழுதுற குறிப்பு) எழுதுறேன்னாரு, எழுதுற அன்னைக்குத் தேதிதான் போடணும் டாக்டர்னு தெளிவா சொல்லிட்டேன், பழைய தேதி போட்டா அது பொய் ரெக்கார்டுங்க. லீட் கோவமாத்தான் இருக்காரு. ஆனா மெடிகேர்ல பேஷண்ட்ட பார்த்த நாள்லேர்ந்து க்ளைம் அனுப்ப ஒரு வருஷம் டைம் இருக்கு, அப்படியிருக்க அவசரப்பட்டு எழுதாதத எழுதுனதா காட்டி காசு கேக்க எனக்கு மனசு வரல. அந்த ஒன்னு இன்னும் பெண்டிங்.